ஒரு ராத்திரி முன்னதாகப் போய்ச் சேர்

கண்ணு,

பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு சொகுசுக் கப்பலில் போகப்போவதாகச் சொன்னாய். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கி வேலை செய்த குடும்பம் நம்முடையது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறைச் சூட்டில் வெந்து மேலே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடல் காற்று வாங்கப் போகிறார்கள் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால், ‘காலையில் விமானம், சாயங்காலம் கப்பல், லீவில் ஒரு நாள் மிச்சம்’ என்று நீ சொன்னாய் பார், அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை வந்தது.

நான் சுரங்கத்து டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபின், ஊரில் எத்தனையோ பேரைப் போல நானும் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். ஒரு பயண அலுவலகத்தில் டிக்கெட் போடும் மேசை கிடைத்தது. அங்கே சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கிப் போனவர்களையும், திரும்பி வந்து கண் கலங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்டதை உனக்குச் சொல்கிறேன். நீ படாமல் போய் வா.

1. கப்பல் புறப்படும் ஊருக்கு முந்தைய நாளே போய்விடு. அங்கே ஒரு ராத்திரி தங்கு. மும்பை, கொச்சி, சிங்கப்பூர், துபாய் என்று எந்தத் துறைமுகமானாலும் இதில் மாற்றம் வேண்டாம். நான் எழுதும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே. ‘ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை தண்டம்தானே?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். எங்களிடம் வழக்கமாக டிக்கெட் வாங்கும் ஒரு குடும்பமும் அப்படித்தான் கேட்டது. எவ்வளவு சொல்லியும் காலை விமானமே போதும் என்றார்கள். அன்றைக்கென்று பனி. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கி, டாக்சிக்காரரைக் கெஞ்சி விரட்டச் சொல்லி, பாலார்ட் பியர் துறைமுக வாசலுக்குப் போய் நின்றபோது கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஆளை உள்ளே விடும் கவுன்டரை மூடிவிட்டார்கள். வீட்டின் சின்னப்பிள்ளை பெங்களூரிலிருந்தே நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது. ஓட்டலுக்குத் திரும்பிய பிறகும் அதைக் கழற்றமாட்டேன் என்று அழுததாம். அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னது அந்த ஒன்றைத்தான். போன பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

2. விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே இருக்கிற ஒரே ஆள் நீதான் என்பதைப் புரிந்துகொள். அந்தக் காலத்தில் போட் மெயில் என்று ஒரு ரயில் ஓடியது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே இறங்கினால் கொழும்புக்கு இன்னொரு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ரயிலுக்கென்றே விட்ட கப்பல் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அப்படித்தான் சனங்கள் போய் வந்தார்கள். இன்றைக்கு நீ விமானத்தை ஒருவரிடமும் கப்பலை இன்னொருவரிடமும் வாங்குகிறாய். விமானம் ரத்தானால் மாற்று விமானமோ பணமோ தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி இருக்கிறது. ஆனால் அந்த ரத்தால் தவறிப்போன கப்பலுக்கு விமானக் கம்பெனி பொறுப்பேற்காது. கப்பல்காரர்களுக்கு நீ எந்த விமானத்தில் வருகிறாய் என்பதே தெரியாது. வெளிநாட்டுப் பெரிய கப்பல் கம்பெனிகள் சில, விமானத்தையும் சேர்த்தே விற்கின்றன. அப்படி வாங்கினால், விமானம் தாமதமானால் என்ன செய்வார்கள் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். வழியில் விமானம் மாறவேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் போடு. தனித்தனியாகப் போட்டால் முதல் விமானம் பிந்தினாலும் இரண்டாவது உனக்காக நிற்காது. பெட்டிகளையும் நீயே எடுத்து மறுபடி போடவேண்டி வரும்.

3. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணு. எல்லோரும் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை வைத்து முன்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். அதில் ஆசை கலந்துவிடும். கப்பல் மாலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள். வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே ஏறும் வாயிலை அடைத்துவிடுவார்கள். உன் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்தான் உனக்குக் கணக்கு. ஆக 3.30. மும்பை விமான நிலையத்திலிருந்து நகரத்தின் தென்கோடிக்கு நெரிசலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கு: 1.30. முதியவர்களோடும் பிள்ளைகளோடும் இறங்கி, பெட்டி எடுத்து, வண்டி பிடிக்க ஒரு மணி நேரம்: 12.30. பறக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி: 10.30. தேவனஹள்ளியில் உள்ள பெங்களூர் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கவேண்டும்: 8.30. நம் ஊரிலிருந்து அங்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பேத்தமங்கலம் பக்கம் புது எக்ஸ்பிரஸ் சாலை வந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் ஹொசகோட்டைக்கு அப்பால் நெரிசல் அப்படியே இருக்கிறது. 6 மணிக்குக் கிளம்பவேண்டும். இதில் ஒரு டயர் பஞ்சராவதற்கோ, ஒரு குழந்தை வாந்தி எடுப்பதற்கோ இடம் விட்டிருக்கிறாயா, பார்.

கப்பல்காரர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று கோபப்படாதே. புறப்படும் முன் ஏறியவர்களின் பட்டியலைத் துறைமுகத்துக்கும் குடியேற்ற அதிகாரிகளுக்கும் கொடுத்து முடிக்கவேண்டும். ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும். 2012 ஜனவரி 13-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயிற்சியை முடித்தாகவேண்டும் என்று விதி இறுகியது. அந்தக் கவுன்டர் மூடுவதில் உன் பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது.

4. ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லை இந்தப் பயணத்துக்கு மட்டும் மறந்துவிடு. விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் ஓடி வந்து, நகரத் தொடங்கிய ரயிலில் தாவி ஏறி, இடம் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாம். கடைசி நிமிஷத்தில் பிடித்துவிடலாம் என்கிற தைரியம் நம் காலிலேயே ஊறிவிட்டது. ரயில் போனால் அடுத்த ரயில் உண்டு, அரைநாள் சம்பளத்தோடு போகும். கப்பலுக்கு அந்தக் கால் உதவாது. கேஜ் என்கிற கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளியின் நிதானம்தான் உதவும். சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடி வருகிறவர்களை ஷாஃப்ட் வாயிலில் பார்த்தது அபூர்வம். அரை மணிக்கு முன்பே வந்து, டோக்கன் வாங்கி, விளக்கைத் தட்டிப் பார்த்து, மடியிலிருக்கும் பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டுப் பேச்சில்லாமல் வரிசையில் நிற்பார்கள். பதற்றத்தோடு இறங்குகிறவன் தன்னை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவனையும் ஆபத்தில் மாட்டுவான் என்று அவர்களுக்குத் தெரியும். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவனுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, கண்ணு. பதறாத காரியம் சிதறாது.

5. உன் கையில் இல்லாதவற்றுக்கு நேரம் ஒதுக்கு. நம் நாட்டில் கப்பல் சுற்றுலாவுக்கு ஏற்ற மாதங்களில்தான் வடக்கே பனிமூட்டமும் வருகிறது. பெங்களூரில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் உன்னை ஏற்றிப்போக வேண்டிய விமானம் டெல்லிப் பனியில் நின்றுகொண்டிருக்கும். அதனால் முந்தைய நாள் போனாலும் அன்றைய முதல் விமானமாகப் பார்த்துப் போடு. அது பெரும்பாலும் ராத்திரியே வந்து நிற்கிற விமானமாக இருக்கும். பனியோடு முடிந்ததா? 2024 ஜூலை 19-ல் ஒரு மென்பொருள் கோளாறால் உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்குத் தக்க ஆள் இல்லாமல் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கையில் ஒரு நாள் வைத்திருந்தவர்களில் பலர் வேறு விமானமோ ரயிலோ பிடித்தார்கள்.

6. பெயர்களைச் சரிபார். சுரங்கக் குடியிருப்பான நம் லைன் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு பெயர், முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று. அதோடு சரி. மைன்ஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. வெளிநாட்டுப் பயணமென்றால் விமான டிக்கெட்டிலும் கப்பல் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது எப்படியோ அப்படியே இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் முன்பே விசாரி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. துபாய்க் கப்பலை நினைத்திருந்தால் உன் வீட்டுப் பெரியவர்கள் பாஸ்போர்ட்டை இதற்காகவே ஒருமுறை பார்.

7. விசாவில் ‘எத்தனை முறை நுழையலாம்’ என்ற வரியைப் படி. சிங்கப்பூரில் கப்பலேறி, மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கினால், அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால் திரும்பும்போது சிக்கல். சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டையும் இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் இணையதளத்தில் நிரப்பாதே.

8. டிக்கெட்டில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ராத்திரி 11 மணி விமானம், நாலரை மணி நேரப் பயணம் என்றால் அங்கே இறங்கும்போது காலை 6 ஆகியிருக்கும். நடுவில் கரையிறங்கும் ஊர்களில் கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். பூக்கெட் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பவேண்டிய நேரத்தைக் கப்பல் கடிகாரப்படிதான் சொல்வார்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்.

9. மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை, கண்ணாடி, கொஞ்சம் ரொக்கம். இவை கைப்பையில். துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். சர்க்கரை மாத்திரை அந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டால் ராத்திரிச் சாப்பாடு வரை தவிக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் எல்லாம் வேண்டாம். தீ பயத்தால் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

10. குடும்பத்திலேயே மெதுவாக நடக்கிறவரின் வேகத்தில் திட்டம் போடு. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். பாறைத் தூசியில் ஆண்டுக்கணக்காக நின்று சிலிகோசிஸ் வாங்கிக்கொண்ட பெரியவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்குவதை மறைப்பார்கள். பேரப்பிள்ளை முன்னால் தளர்ந்துபோகக் கூடாது என்று ஒரு வைராக்கியம். அப்படி ஒரு தாத்தாவை அவருடைய மகன் விமான நிலையத்தில் ‘சீக்கிரம் வாங்கப்பா, நேரமாச்சு’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தி திரும்பிப் பார்த்தபோது சிரித்தார். மகன் கெட்டவனல்ல. அப்பா கடலைப் பார்க்கட்டும் என்று கடன் வாங்கிக் கூட்டிப் போனவன். நேரம் இல்லாததால் அந்த அன்பை அவனால் காட்ட முடியவில்லை. நுரையீரல் கோளாறு உள்ளவர் வந்தால் மருத்துவரிடம் முன்பே காட்டி, விமானத்தில் போகலாம் என்று கடிதம் வாங்கிக்கொள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேள். இயந்திரத்தில் ஆக்சிஜன் வாங்குகிறவர் என்றால் விமானத்துக்கும் கப்பலுக்கும் தனித்தனியாக எழுதி அனுமதி பெறு. அவர் வேண்டாம் என்று மறுப்பார். நீ கேட்டுவிடு.

11. ஏதாவது தவறிப்போனால் ஒருவரையொருவர் குற்றம் சொல்லாதீர்கள். விமானம் தாமதம் என்று பலகையில் வந்ததும் முதலில் கப்பல் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேசு. அந்த எண் எல்லாப் பெரியவர்கள் கைப்பேசியிலும், ஒரு காகிதத்திலும் இருக்கட்டும். அடுத்த துறைமுகத்தில் ஏறலாமா என்று கேள். அது வெளிநாடு என்றால், அங்கே நுழைய அனுமதி இல்லாமல் நடக்காது. கரையே தொடாமல் கடலில் சுற்றிவிட்டு வரும் இரண்டு ராத்திரிக் கப்பல் என்றால் அடுத்த துறைமுகமே கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, விமானத் தாமதத்தால் புறப்பாடு தவறினால் ஈடு உண்டா, எத்தனை மணி நேர இடைவெளி விட்டிருக்கவேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கவுன்டரில் இருக்கிற பிள்ளையிடம் கத்தாதே. அந்தப் பனியை அவர் கொண்டுவரவில்லை. பிள்ளைகள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘சரி, அடுத்து என்ன செய்யலாம்?’ என்று நீ கேட்டால் அவர்களும் அதையே கற்றுக்கொள்வார்கள்.

12. திரும்பும் நாளுக்கும் இதே அக்கறை வேண்டும். கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும், ஆயிரக்கணக்கானோர் தளம் தளமாக இறங்கி, குடியேற்றம் தாண்டி வெளியே வர முற்பகல் ஆகிவிடும். மதியத்துக்கு முந்தைய விமானம் போடாதே. சாயங்கால விமானமே நிம்மதி.

13. விமானமே வேண்டாம் என்றும் யோசித்துப் பார். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கும் கப்பல் போனது. எந்த மாதம் சென்னையிலிருந்து உண்டு, எப்போது மும்பைக்கு மாற்றுகிறார்கள் என்பதை முதலில் விசாரி. பங்காருப்பேட்டையில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரல். துறைமுகம் அங்கிருந்து கிட்டத்தில். உன் பிள்ளைகளுக்கு முதல் கப்பல் என்றால் அதுவே நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். சென்னையில் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தங்குவதற்குக் காசும் இல்லை. ஆனால் அங்கேயும் முந்தைய நாளே போ.

14. எந்தக் கப்பல் என்று முடிவு செய்வதற்கு முன், இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வெளியே வை. பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். பெரியவர்களுடையது பத்து வருஷம் ஓடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஐந்து வருஷத்துக்குத்தான். பெரும்பாலான வீடுகளில் காலாவதியாகிக் கிடப்பது அதுதான். தேதிகளை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. மாமா உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.